110 கொரோலாவின் எஞ்சினைத் திறந்து செய்வதா, ஜப்பான் எஞ்சின் மாற்றிப் போடுவதா?

உவர்மலை ஆசிரியர் எழுதியது:

என் தந்தையார் வாங்கி, அவர் காலமான பின் என் கைக்கு வந்த 1997ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110 ஒன்றின் எஞ்சினைப் பற்றி முடிவெடுக்க முடியாமல் இரண்டு மாதங்களாகத் தடுமாறிக்கொண்டிருக்கிறேன். 5ஏ எஞ்சின், 1498 சிசி, பெற்றோல், மனுவல் கியர். மீற்றர் 287,000 கிலோமீற்றரைக் காட்டுகிறது. தந்தையார் ஒவ்வொரு சேர்விசையும் ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி வைத்திருந்ததால் அந்த எண்ணை நான் நம்புகிறேன். திருகோணமலை உவர்மலையிலிருந்து கிண்ணியாவில் உள்ள பாடசாலைக்கு நாளாந்தம் இதில்தான் போய் வருகிறேன். மாதம் ஒருமுறை அம்மாவைக் கண்டியில் கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகப் போகும் அந்தப் பயணத்தில், வயதான ஒருவரை வைத்துக்கொண்டு நடுக்காட்டில் நின்றுவிடக்கூடாது என்பதே என் முதற் கவலை.

இப்போது ஏறக்குறைய 700 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்து முற்றத்திலிருந்து பின்னுக்கு எடுக்கும்போது நீலப் புகை வருகிறது. சைலன்சர் பார்த்து நிற்கும் மதிலின் கீழ்ப்பகுதியில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்த எண்ணெய்க் கறை படிந்து, சுண்ணாம்பு அடித்த பிறகும் ஊறி வெளியே தெரிகிறது. உவர்மலை இறக்கத்தில் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்துக் கியரிலேயே இறங்கி, கீழே வந்து மறுபடி மிதித்தால், பின்னால் ஒரு புகைக் கற்றை எழுவதைக் கண்ணாடியில் காண்கிறேன். அதே வீதியில் மேலே ஏறும்போதும் புகை உண்டு. ஆனால் அது மெல்லியதாக, விடாமல் வருகிறது. இம்முறை புகைப் பரிசோதனையில் மயிரிழையில் தேறியது. அடுத்த ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது தேறும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சென்ற ஆண்டு கந்தளாய்க்கு அருகே றேடியேற்றர் குழாய் வெடித்து எஞ்சின் ஒருமுறை கடுமையாகச் சூடேறியது.

ஒரு கராஜில், "திறந்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின் ஒன்றைப் போடுங்கள், மூன்று நாளில் வாகனத்தைத் தருகிறேன்" என்றார்கள். இன்னொரு இடத்தில், "சொந்த எஞ்சினை விடாதீர்கள், சிலிண்டர்களைப் போர் அடித்து, அதாவது உள்ளே சற்றுப் பெரிதாக வெட்டி, புதுப் பிஸ்டன் போட்டுத் தருகிறேன், மூன்று கிழமை வேண்டும்" என்றார்கள். திறந்து செய்யும் கணக்கு, மாற்றிப் போடும் கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வருகிறது. விற்றுவிட்டு வேறு வாங்கவும் யோசித்தேன். ஆனால் 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஏறிய விலைகள், 2025 பெப்ரவரியில் தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு வழி திறந்த பிறகும், என்னைப் போன்ற சம்பளக்காரரின் கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கவில்லை. உடலில் துரு அதிகமில்லை, கியர் பெட்டி நன்றாக இருக்கிறது. இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் ஓட்ட விரும்புகிறேன். எந்த வழியில் போவது?

உப்புவெளி பழைய பாஸ் எழுதியது:

தம்பி, நாற்பது ஆண்டுகள் கராஜில் நின்று, இப்போது ஓய்வில் இருக்கிறேன். உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவரும் எஞ்சினில் ஒரு அளவுகூட எடுக்காமல் சொல்லியிருக்கிறார்கள் என்றே உங்கள் எழுத்திலிருந்து விளங்குகிறது. அளவு இல்லாமல் நானும் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் கவனித்து எழுதியிருப்பது பாதி வேலையை முடித்துவிட்டது.

கால் எடுத்துக் கியரில் இறங்கும்போது உள்ளே காற்று போகும் வழி மூடப்பட்டு, இன்டேக் பக்கத்தில் கடுமையான வெற்றிடம் உண்டாகும். வால்வ் தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் வால்வ் சீல் இறுகிப்போயிருந்தால், அந்த வெற்றிடம் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டில் உள்ள ஒயிலை வால்வ் கைட் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். கீழே வந்து மிதித்ததும் அது எரிந்து ஒரு கற்றையாக வெளியே போகும். காலைப் புகையும் பெரும்பாலும் அதே சீலின் வேலைதான், இரவு முழுவதும் சொட்டியது ஸ்டார்ட் ஆனதும் எரிகிறது. ஏற்றத்தில் விடாமல் வரும் மெல்லிய புகைதான் பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்கின் தேய்வைக் காட்டுகிறது. ஆகவே உங்களிடம் இரண்டு நோய்களும் இருக்கக்கூடும். சீல் மட்டும் என்றால் எஞ்சினை இறக்காமலே மாற்றிவிடலாம், அந்தச் செலவு நீங்கள் சொன்ன இரண்டு கணக்குகளுக்கும் அருகில்கூட வராது. எனவே முதலில் றிங் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் முறையாகப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். பற்றரி நிறைந்திருக்க வேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்ற வேண்டும். ஒருவர் அக்சிலரேற்றரை அடிவரை மிதித்துக்கொண்டிருக்க, முள் ஏறி நிற்கும்வரை சுற்ற வேண்டும். நான்கு எண்களையும் எழுதிக்கொண்ட பிறகு, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஒயில் விட்டதும் எண் நன்றாக ஏறினால் கசிவு றிங் அல்லது போர், அதாவது சிலிண்டர் உட்சுவர், பக்கத்தில். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வ் அல்லது ஹெட்டின் அடியிலுள்ள கஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால் அவற்றின் நடுவே ஹெட் கஸ்கட் போயிருக்கலாம். இந்தக் குடும்பத்து எஞ்சின்களில் நல்ல நிலையில் 190 பி.எஸ்.ஐ. அளவில் வரும். 140க்குக் கீழே போனால், அல்லது சிலிண்டருக்குச் சிலிண்டர் 14க்கு மேல் வித்தியாசம் வந்தால், திறந்து பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

அதோடு எஞ்சினின் உள் ஆவியை இன்டேக் பக்கம் அனுப்பும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே கிலுகிலுவென்று சத்தம் வர வேண்டும். அடைத்துப்போயிருந்தால் அதுவும் ஒயில் குடிக்க ஒரு காரணம். சூடான எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது ஒயில் லைட் மின்னுகிறதா, அடியில் தட்டும் சத்தம் உண்டா என்பதையும் எழுதுங்கள். அந்த இரண்டும் இருந்தால், பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங் பக்கத்தில் தேய்வு இருக்கும், கணக்கு வேறாகிவிடும்.

உவர்மலை ஆசிரியர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நேற்றுச் சனிக்கிழமை நீங்கள் சொன்ன முறைப்படியே என் முன்னிலையில் பார்த்தார்கள். ஒன்றாம் சிலிண்டர் 165, இரண்டாம் 160, மூன்றாம் 118, நான்காம் 155. ஒயில் விட்ட பிறகு மூன்றாவது 152க்கு ஏறியது. மற்றவை 10 முதல் 15 வரை கூடின. பி.சி.வி. வால்வ் ஆட்டியபோது சத்தமே இல்லை, முழுவதும் இறுகியிருந்தது, புதியது போட்டுவிட்டேன். ஒயில் லைட் மின்னுவதில்லை. அடியில் தட்டும் சத்தமும் இல்லை.

அப்படியானால் மூன்றாம் சிலிண்டரின் றிங்தான் என்று விளங்குகிறது. இனித்தான் பழைய கேள்வி: திறப்பதா, மாற்றுவதா?

நிலாவெளி ஹயர் எழுதியது:

சேர், நான் வாகனத்தை ஹயருக்கு ஓட்டுகிறவன், அதனால் இரண்டு முறை எஞ்சின் மாற்றிய அனுபவம் எனக்கு இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் சுற்றுலாப் பருவம். அந்த மாதங்களில் வாகனம் மூன்று கிழமை கராஜில் நின்றால் எனக்கு அந்த ஆண்டின் வருமானமே போய்விடும். ஆகவே என்னைப் போன்றவனுக்கு மாற்றிப் போடுவது தவறான முடிவு அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் முதல்முறை நான் செய்தது பெரிய பிழை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில், வெளிப்பக்கம் கழுவித் துடைத்து வெள்ளி நிறமாக மின்னிக்கொண்டிருந்த எஞ்சினை, "60,000தான் ஓடியது" என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கி வந்தேன். இங்கே கொண்டு வந்து பொருத்தி இரண்டாம் மாதம் பின்பக்க மெயின் சீல் வழியாக ஒயில் வடியத் தொடங்கியது. நீண்ட காலம் ஓடாமல் கிடந்த எஞ்சின், றப்பர் எல்லாம் கட்டையாகிப்போயிருந்தது. கியர் பெட்டியை மறுபடி இறக்கி அந்தச் சீலை மாற்றும் கூலி, முதலிலேயே மாற்றியிருந்தால் ஒரு சதமும் ஆகியிருக்காது. பிறகு தண்ணீர் பம்பும் போனது. கடையில் தந்த உத்தரவாதம் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் என்பதற்கு மட்டும்தான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் முறை, என் மெக்கானிக் பாசையே கையோடு கூட்டிக்கொண்டு போனேன். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தோம். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு தெரியும் இடம் தேன் நிறத்தில் இருந்தால் நல்லது, கரியும் கட்டியுமாக இருந்தால் ஒயில் மாற்றாமல் ஓட்டிய எஞ்சின். தண்ணீர் போகும் வாயில் விரலை விட்டுத் தடவினோம். துரு கையில் பொடியாக வந்தால் வேண்டாம். கிராங் புலியில் சாவி போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினோம். தரையில் வைத்தே ஸ்டார்ட்டரால் சுற்றிக் கம்பிரஷன் பார்த்தோம். குளிர்ந்த எஞ்சினில் எண்கள் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், நான்கும் சமமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பார்க்க விடாத கடையை விட்டு வந்துவிட்டோம். வாங்கிய பிறகு, வாகனத்தில் ஏற்றுமுன் முன் சீல், பின் சீல், கேம் சீல், தண்ணீர் பம்ப், டைமிங் பெல்ட் எல்லாம் புதிதாகப் போட்டோம். அந்த எஞ்சின் நான்கு ஆண்டுகளாக ஒரு தொல்லையும் தரவில்லை.

ஆவண விடயத்தையும் மறந்துவிடாதீர்கள் சேர். வாகனப் பதிவுச் சான்றிதழில் சேசி இலக்கத்தோடு எஞ்சின் இலக்கமும் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கடையின் பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கம் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும், இறக்குமதி செய்ததற்கான சுங்க ஆவணத்தின் பிரதியையும் கேட்டு வாங்க வேண்டும். இலக்கம் அடித்துச் சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். நாளைக்கு விற்கப் போகும்போதோ காப்புறுதி கேட்கும்போதோ அந்த ஒரு வரி உங்களை மாதக்கணக்கில் அலைய வைக்கும்.

வவுனியா லேத் எழுதியது:

நான் போர் அடிப்பதும் கிராங் கிரைண்ட் செய்வதும் தொழிலாகக் கொண்டவன். ஆகவே திறந்து செய்வதன் பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயமானது. இருந்தாலும் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் 110 கொரோலாவின் உற்பத்தி 2000ஆம் ஆண்டில் முடிந்தது, அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் அடுத்த தலைமுறை வந்துவிட்டது. இதே எஞ்சின் இருந்த கரினாவும் 2001இல் நின்றுவிட்டது. அப்படியானால் இன்று கடையில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக இளமையான ஜப்பான் 5ஏ எஞ்சினுக்கே ஏறக்குறைய இருபத்தைந்து வயது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் "ஜப்பான் எஞ்சின் போடு" என்ற ஆலோசனை மிகச் சரியாக இருந்தது, அப்போது அவை உண்மையிலேயே குறைவாக ஓடி வந்தவை. இன்று உங்கள் கொப்பியில் முழு வரலாறும் எழுதப்பட்ட ஒரு பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டு, யார் ஓட்டினார் எப்படி ஓட்டினார் என்று தெரியாத இன்னொரு பழைய எஞ்சினை வாங்குகிறீர்கள். ஏழெட்டு ஆண்டுகள் ஓட்ட வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இது உங்களுக்கு முக்கியம். 1என்இசட் போன்ற புதிய வகை எஞ்சினைப் போடலாமே என்று யாராவது சொன்னால், வயரிங், கொம்பியூட்டர், மவுன்ட், கியர் பெட்டி எல்லாம் மாற வேண்டிவரும். தினசரிப் பாவனைக் காருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சிலிண்டர்கள் உள்ள 5ஏ எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு. அதைத் தாராளமாகப் போர் அடிக்கலாம். டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாத அமைப்பு. திறந்து செய்யத் தகுதியான எஞ்சின்களில் இது ஒன்று. ஆனால் திறந்ததும் உடனே போர் அடிக்கச் சொல்லாதீர்கள், முதலில் அளக்க வேண்டும். இதன் போர் 78.7 மில்லிமீற்றர். சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, றிங் திரும்பும் இடத்தில்தான் தேய்வு மிகுதி. விரல் நகத்தால் உள்ளிருந்து மேலே தடவினால் ஒரு படி தட்டுப்படும். அந்தப் படி நகத்தைப் பிடித்து நிறுத்தினால் தேய்வு கணிசமானது. பிறகு டயல் கேஜால் மேல், நடு, கீழ் மூன்று இடங்களிலும், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளிலும் அளக்க வேண்டும். தேய்வு 0.2 மில்லிமீற்றரைத் தாண்டினால் போர் அடித்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் "றிங் மட்டும் போட்டுவிடலாம்" என்று சொல்வார்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விட்டம் 0.10 கூடினால் சுற்றளவு 0.31 கூடும், அதாவது புது றிங்கின் வாய் அந்த இடத்தில் 0.31 மில்லிமீற்றர் அகலமாகத் திறந்து நிற்கும். கீழே இறுக்கமாகவும் மேலே வாய் பிளந்தும் ஓடும் றிங் ஓர் ஆண்டில் மறுபடி புகை காட்டும், செலவழித்த காசு புகையோடு போகும்.

சூடேறிய எஞ்சின் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேர்ச்சட்டம் வைத்து, ஃபீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் பார்க்கச் சொல்லுங்கள். 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்திருந்தால் மட்டப்படுத்த வேண்டும். அதைச் செய்யாமல் புதுக் கஸ்கட் போட்டால் அது நிலைக்காது. கிராங்கையும் மைக்ரோமீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். லைட் மின்னவில்லை, தட்டவில்லை என்பதால் அது நன்றாக இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். அளவுக்குள் இருந்தால் கிரைண்ட் செய்ய விடாதீர்கள், மெருகிட்டுப் புது மெட்டல் பெயரிங் போட்டால் போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, பிளாக்கில் வெடிப்பு இருந்தாலோ, ஹெட், கிராங், போர் மூன்றும் ஒரே நேரத்தில் போயிருந்தாலோ, நானே எஞ்சின் மாற்றச் சொல்வேன்.

உவர்மலை ஆசிரியர் எழுதியது:

பாடசாலை விடுமுறை தொடங்கியதால் எஞ்சினை இறக்கித் திறந்துவிட்டோம். அளவுகளை இங்கே தருகிறேன்.

மூன்றாம் சிலிண்டரின் மேற்பகுதியில் 78.84, அடியில் 78.71. ஒன்று, இரண்டு, நான்கில் மேற்பகுதி 78.77 முதல் 78.79 வரை. மூன்றாம் பிஸ்டனின் ஒயில் றிங் கரி பிடித்துப் பள்ளத்தோடு ஒட்டிக்கிடந்தது. விரலால் அழுத்தினால் மற்ற மூன்றிலும் அது உள்ளே போய் வெளியே வருகிறது, இதில் அசையவே இல்லை. ஹெட்டின் வளைவு 0.08. கிராங் அளவுக்குள் இருக்கிறது. வால்வ் சீல்கள் பிளாஸ்ரிக் போல இறுகி, கழற்றும்போதே இரண்டு உடைந்துவிட்டன.

தந்தையாரின் கொப்பியைப் புரட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். அவர் ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கும் ஒயில் மாற்றியிருக்கிறார். நான் பொறுப்பெடுத்த பிறகுதான் அது 9,000, 10,000 என்று நீண்டிருக்கிறது. றேடியேற்றருக்கும் அவர் கூலன்ட் மட்டுமே ஊற்றியிருக்கிறார். நான் சென்ற ஆண்டு குழாய் வெடித்தபோது வழியில் ஊற்றிய கிணற்றுத் தண்ணீரையே மாதக்கணக்கில் விட்டுவிட்டேன். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

0.14 மில்லிமீற்றர் தேய்வுக்கு, நீங்கள் சொன்ன கணக்கின்படி றிங் வாய் 0.44 கூடுகிறது. ஆகவே எல்லைக்குள் இருந்தாலும் றிங் மட்டும் போடுவதில்லை, நான்கையும் 0.50 மில்லிமீற்றர் பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டனுக்குப் போர் அடிப்பது, ஹெட்டை மட்டப்படுத்துவது, கிராங்கை மெருகிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். எஞ்சின் இலக்கமும் மாறாது. நாளை மறுநாள் பிளாக்கை ஹொரவப்பொத்தானை வீதியால் வவுனியாவுக்குக் கொண்டு வரலாமா?

வவுனியா லேத் எழுதியது:

கொண்டு வரலாம் ஐயா, ஆனால் பிஸ்டன் நான்கும் கையில் இருக்க வேண்டும். பெட்டியில் 0.50 என்று எழுதியிருப்பதை நம்பி 79.20க்கு வெட்டி வைத்துவிட்டுப் பிறகு பிஸ்டன் வாங்குவது எங்கள் தொழிலில் செய்யக்கூடாத வேலை. நான் ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்குத் தேவையான இடைவெளியைக் கூட்டித்தான் அந்தந்தச் சிலிண்டரை வெட்டுவேன். பிறகு எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டருக்கு என்று எண் போட்டுத் தருவேன். றிங் வாங்கும்போது என்.பி.ஆர். அல்லது ரைக்கன் நிறுவனத்தினதைப் பாருங்கள். போலிப் பெட்டிகள் சந்தையில் உண்டு, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பிளாக் திரும்பி வந்ததும் பெற்றோலால் கழுவ விடாதீர்கள். பெற்றோல் எண்ணெயை எடுத்துவிடும், ஹோன் கல்லால் தீட்டிய கோடுகளில் புதைந்த கல் தூளை எடுக்காது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தூரிகையால் தேய்த்து, உடனே உலர்த்தி, ஒயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணி சாம்பல் நிறம் பிடிக்காமல் வெள்ளையாகவே வரும்வரை மறுபடி மறுபடி கழுவுங்கள். உங்கள் கடற்காற்றில் வெட்டிய இரும்பு ஓர் இரவிலேயே துருப்பிடிக்கும், ஆகவே கழுவிய அன்றே ஒயில் பூசிப் பொலித்தீனால் மூடிவிடுங்கள்.

உப்புவெளி பழைய பாஸ் எழுதியது:

நல்ல முடிவு தம்பி. எஞ்சின் வெளியே இருக்கும்போதே தண்ணீர் பம்ப், தேர்மோஸ்டற், டைமிங் பெல்ட், பின் மெயின் சீல், கிளட்ச் பிளேட் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். றேடியேற்றரைக் கழற்றி, மேல் கீழ்த் தொட்டிகளைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்த பிறகே புது எஞ்சினுக்குக் கொடுங்கள், அந்தக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் நீண்ட நேரம் விட்டுவைக்க வேண்டாம். நிலாவெளி வீதியில் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, 1,000 கிலோமீற்றரில் ஒயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றுங்கள். அதற்கு முன் அம்மாவை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் புறப்பட வேண்டாம். அந்த ஒரு மாதத்துக்கு ஒரு ஹயர் வாகனம் பேசிக்கொள்ளுங்கள்.